பேனா நின்ற இடம்

பேனாக்கா பிறருக்காக எழுதிய பரீட்சைகள் நானூற்று ஆறு. எண்ணியது அவள் மகன். ஒவ்வொரு பரீட்சைக்கும் வாசலில் ஓர் அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். அவள் ஒன்றையும் தூக்கிப் போட்டதில்லை. அவள் இறந்து ஐந்து வாரம் ஆகிறது. சீட்டுகளை அவன் இரண்டு முறை எண்ணினான். இரண்டு முறையும் அதே எண்தான்.

அவள் பார்த்த உத்தியோகம் வேறு. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடிக் குழாய்களில் பெயர் எழுதி ஒட்டுவது. குழாய் சுண்டுவிரல் பருமன். அதில் ஒட்டும் சீட்டு அதைவிடச் சிறியது. பெயர், வயது, தேதி, வரிசை எண் நான்கும் அதில் அடங்க வேண்டும். அடங்கும். தூரத்திலிருந்து படித்தாலும் புரியும். "ஒரு எழுத்து மாறினா ஒருத்தரோட சர்க்கரை இன்னொருத்தர் உடம்புக்குப் போயிடும்" என்பாள்.

பார்வையற்ற மாணவர் விடுதியின் வார்டன் ஒருநாள் ரத்தம் கொடுக்க வந்தார். ஊசியைப் பார்க்கப் பயந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான் சார். பேர் தப்பா இருக்கா?"

"பேரெல்லாம் சரி. நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது." அவள் குரல் தணிந்தது. அந்தக் கேள்விக்கு அவள் எப்போதும் தணிந்த குரலில்தான் பதில் சொல்வாள். தம்பிகள் மூன்று பேர். வீட்டில் யாராவது ஒருவர் படிப்பை நிறுத்த வேண்டியிருந்தது. மூத்தவள் நிறுத்தினாள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் வார்டன்.

அதை நல்லது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது.

விஷயம் இதுதான். பார்வையில்லாத மாணவர்கள் பரீட்சையில் விடையை வாயால் சொல்வார்கள். அதைத் தாளில் எழுத ஒருவர் கூட வர வேண்டும். வருகிறவர் அந்த மாணவரைவிட ஒரு படியாவது குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. விடை தெரிந்தவர் எழுதினால் விடை யாருடையது என்ற சந்தேகம் வரும் அல்லவா? ஆகவே பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு எழுத வருகிறவர் அந்த வகுப்பில் தேறியிருக்கக் கூடாது. அந்த ஊரில் நல்ல கையெழுத்துக்காரர்கள் எல்லாரும் மேலே படித்துவிட்டிருந்தார்கள். படிக்காதவர்களுக்கு மூன்று மணி நேரம் கை ஓடவில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆளை வார்டன் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்படிப் போக ஆரம்பித்தவள்தான். விடுதிப் பிள்ளைகள் அவளுக்குப் பேனாக்கா என்று பெயர் வைத்தார்கள். பிறகு பரிசோதனை நிலையத்திலும் அதுவே ஆயிற்று. கடைசியில் தெருவில் தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

சொல்லி எழுதுகிற சத்தம் மற்றவர்களுக்கு இடைஞ்சல். அதனால் அவர்களுக்குத் தனி அறை. தனி அறை என்றால் பெரும்பாலும் கால் உடைந்த முக்காலிகளும் சுருட்டிய வரைபடங்களும் கிடக்கிற அறை. உள்ளே மூன்று பேர்: சொல்கிறவர், எழுதுகிறவர், இருவரையும் கவனிக்க ஒரு கண்காணிப்பாளர். பேனாக்கா கேள்வியை இரண்டு முறை படிப்பாள். எந்தச் சொல்லிலும் அழுத்தம் கொடுக்க மாட்டாள். சொன்னதை எழுதுவாள். "சரியாக்கா?" என்று யாராவது கேட்டால் "எழுதியாச்சு" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

முகத்தையும் அடக்கி வைத்திருந்தாள். விடை தப்பு என்று தெரிந்தால் புருவம் ஏறும். ஏறக் கூடாது என்று வீட்டில் கண்ணாடி முன் உட்கார்ந்து பழகினாள். மகன் அப்போது சின்னப் பையன். வாய்ப்பாட்டைத் தப்பும் தவறுமாகச் சொல்லச் சொல்வாள்.

"ஏழெட்டு அறுபத்து நாலு."

முகம் கல் மாதிரி இருக்கும்.

"ஒன்பதொன்பது நூறு!"

அப்போதும் கல். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அவள் சிரிக்க மாட்டாள். பாடம் முடிந்த பிறகு தனியாகச் சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவாள்.

இருபத்திரண்டு வருடம் அப்படி ஓடியது. வரலாற்றுத் தாளை மட்டும் இருபத்தாறு முறை எழுதியிருந்தாள். பொருளியல் இருபத்து நாலு முறை. காது கேட்டதைக் கை எழுதும்போது நடுவில் இருக்கிற தலை சும்மா இருக்குமா? அவளுக்கு எல்லாம் மனப்பாடம். அவள் கணவர் பஸ் டிரைவர். வாய்க்குப் பூட்டு இல்லாத மனிதர். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார்: "என் சம்சாரத்தோட கை பன்னெண்டாவதை இருபத்தஞ்சு தடவ எழுதியிருக்கு. ஆள் இன்னும் பத்தாவதுதான். கைக்குத் தனியா ஒரு நாற்காலி போடணும்."

மகன் கல்லூரிக்குப் போன பிறகு விடாமல் நச்சரித்தான்.

"தனித்தேர்வு எழுதும்மா. உனக்குத் தெரியாத கேள்வியே இல்ல."

"எழுதினா?"

"பாஸாயிடுவ."

"பாஸாயிட்டா அந்தப் பிள்ளைங்களுக்கு யாருடா எழுதுவா?"

"ஒண்ணு பண்ணு" என்றார் கணவர். "எழுது. ஆனா ஃபெயிலாகு. ஆசையும் தீரும், தகுதியும் போகாது."

மூவரும் சிரித்தார்கள். அவள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். அவளுக்கு ஆசை இருந்ததை மகன் அன்றுதான் பார்த்தான். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வருடம்தான் வக்கீல் வந்தாள்.

வக்கீல் விடுதிப் பெண். வயது பத்தொன்பது. எதற்கெடுத்தாலும் வாதம் பண்ணுவாள் என்பதால் அந்தப் பெயர். சட்டம் படிக்க வேண்டும் என்பதும் அவள் பிடிவாதம். முந்தின வருடம் அவளுக்கு எழுத வந்தவர் நடுவில் இரண்டு முறை தூங்கிவிட்டார். பொருளியலில் கடைசி நாற்பது மதிப்பெண்ணுக்கு நேரம் போதவில்லை. தேறவில்லை. அப்பா இல்லாத வீடு, அண்ணன் சொன்னதுதான் முடிவு. அண்ணன் சொல்லிவிட்டான்: "இந்த ஒரு தடவதான். தேறலைன்னா மூட்டையக் கட்டிட்டு வீட்டுக்கு வந்துடு. சட்டமும் வேணாம், கட்டமும் வேணாம்."

தவறிய தாளை மட்டும் எழுத முடியாது, ஆறு தாளையும் மறுபடி எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஐந்தாவது வரலாறு. மூன்று நாள் விட்டு ஆறாவது பொருளியல்.

வரலாறு நன்றாகத்தான் போனது. பிரெஞ்சுப் புரட்சி பற்றிய பெரிய கேள்வி. வக்கீல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நீதிபதிக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனாள். பஞ்சம், வரி, மன்னன், ராணி. "பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறையைத் தாக்கிய ஆண்டு ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று எட்டு" என்றாள்.

பதினேழு என்று இரண்டு இலக்கம் எழுதிய பேனா அங்கே நின்றது.

ஒரு மூச்சு நேரம்தான். பேனாக்காவின் முகத்தில் ஒன்றும் இல்லை. கண்காணிப்பாளர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் தலையைச் சற்றே சாய்த்தாள்.

"இல்லக்கா. எண்பத்தொன்பது. எண்பத்தொன்பதுன்னு போடுங்க."

பேனாக்கா எண்பத்தொன்பது என்று எழுதினாள். எழுதிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மீதி ஒரு மணி நேரம் எப்படி எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது.

மணி அடித்தது. தாளைக் கட்டிக் கொடுத்தார்கள். வக்கீலை மாடிப்படிக்குக் கீழே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு பேனாக்கா தலைமைக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். அவர் விடைத்தாள் கட்டுகளுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், எழுதறப்போ ஒரு இடத்துல பேனா நின்னுடுச்சு."

"அடடா. மை தீர்ந்துடுச்சா? ஒரு குரல் குடுத்திருந்தா வேற அனுப்பியிருப்பேனே." மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு புதுப் பேனாக்களை எடுத்து நீட்டினார். "அடுத்த பரீட்சைக்குக் கைவசம் வச்சுக்கங்கம்மா."

அவள் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் பறிபோவது அவள் தாள் அல்ல. உள்ளே ஒரு பெண்ணின் வருடம் கட்டி அரக்கு வைத்துக் கிடக்கிறது. வாயை மூடிக்கொண்டாள். "சரிங்க சார்" என்று வெளியே வந்தாள்.

"போன காரியம் என்னக்கா ஆச்சு?" என்றாள் வக்கீல்.

"ரெண்டு பேனா கிடைச்சுது."

"நல்ல ஆபீஸரு."

பேனாக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த வருஷத்தை எதுக்கு மாத்தின?"

வக்கீல் முகத்தை அவள் பக்கம் திருப்பினாள்.

"நான் பேனாவை நிறுத்தினேன். அதனாலதானே?"

"அக்கா, விளையாடறீங்களா?"

"இல்ல."

"நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா?" அவள் சிரித்தே விட்டாள். "ஹாஸ்டல்ல வாட்ச்மேன் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியுமே. தப்பாச் சொன்னா உங்க பேனா நின்னுடும். கொஞ்சம் தப்புன்னா கொஞ்சம் நிக்கும். ரொம்பத் தப்புன்னா, கீழ வச்சுட்டு எடுப்பீங்க. பெரியக்காங்க சொல்லிக் குடுத்துட்டுப் போவாங்க, பேனாக்கா வந்தா காதைத் தீட்டிக்கோன்னு. அதான் உங்களுக்கு இவ்ளோ கிராக்கி. நீங்க தெரிஞ்சுதான் பண்றீங்கன்னு நாங்க எல்லாரும் நெனச்சுட்டு இருக்கோம்."

"என் கையெழுத்துக்காகக் கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

"உங்க கையெழுத்தை நாங்க எங்கக்கா பார்த்தோம்?"

பேனாக்கா மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் கண்ணாடி முன் உட்கார்ந்து முகத்தைப் பூட்டி வைத்திருக்கிறாள். யாருக்காக? முகத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக. அவர்களுக்குக் கேட்கிற ஒரே இடத்தைத் திறந்து போட்டுவிட்டு.

வழக்கம் போல வக்கீலின் முழங்கையைப் பிடித்து விடுதி வரை நடந்தாள். நடை வழக்கத்தைவிட வேகம்.

"கோவமாக்கா?"

"இல்ல."

"கோவம்தான். உங்க நடையே சொல்லுது."

அன்று மாலை வீட்டில் முதலில் மகனிடம்தான் சொன்னாள். கருவிகளை அளவு பார்த்துச் சரி செய்கிற படிப்பு அவனுடையது. கடைசி வருடம். அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்டான்.

"இனிமே போக மாட்டேன்டா" என்றாள். "வார்டன்கிட்ட சொல்லிடறேன்."

சொல்லியும் பார்த்தாள். தொலைபேசியில் வார்டன் பதறினார். "அக்கா, மூணு நாள்ல நான் எங்க போய் ஆள் பிடிக்கறது? உங்கள விட்டா அந்தத் தூங்குமூஞ்சிதான். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. பொருளியல்தான் வக்கீல் போன வருடம் விழுந்த தாள். போனால் கை பேசும். போகாவிட்டால் தூங்குமூஞ்சி. ஒரு பக்கம் பொய், ஒரு பக்கம் அந்தப் பெண்ணின் அண்ணன்.

"நிக்காம எழுதிடேன்" என்றார் கணவர்.

"தப்புன்னு தெரிஞ்சா தானா நிக்குதுங்க. நான் நிறுத்தல."

மகன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "நிக்கறது பிரச்சனை இல்லம்மா. தப்புக்கு மட்டும் நிக்கறதுதான் பிரச்சனை. எல்லாத்துக்கும் நில்லு."

"எப்படிடா?"

"ஒவ்வொரு வாக்கியத்தையும் அவங்க சொல்லி முடிக்கட்டும். மனசுக்குள்ள மூணு எண்ணு. அப்புறம் எழுது. சரியான வாக்கியமா இருந்தாலும் மூணு, தப்பா இருந்தாலும் மூணு. எழுத ஆரம்பிச்சா நடுவுல நிக்காதே. அளவு ஒண்ணா இருந்தா அதுல சேதி இருக்காது."

சாப்பாட்டு மேசையில் பழகினார்கள். அவன் கண்ணைக் கட்டிக்கொண்டு வாக்கியங்களைச் சொன்னான். பாடப் புத்தகத்தைப் பார்த்து அப்பா சரியும் தப்புமாக எழுதிக் கொடுத்த சீட்டுகளிலிருந்து அவற்றை முன்பே மனப்பாடம் செய்திருந்தான். எது சரி, எது தப்பு என்று அவனுக்கே தெரியாதவை. அவள் எழுதுகிற சத்தத்தை வைத்து அவன் கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாள் இருபதில் பதினேழு கண்டுபிடித்தான். அவள் முகம் வாடிவிட்டது. இரண்டாம் நாள் பதிமூன்று. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தாயும் பிள்ளையும் ஒரு பேனாவுக்கு வாய்ப்பூட்டுப் போட இவ்ளோ பாடு படறீங்க. அதே பூட்டு எனக்கும் ஒண்ணு போடக் கூடாதா?" என்றார்.

"உங்களுக்குப் போடற பூட்டை இன்னும் யாரும் செய்யலங்க."

மூன்றாம் நாள் இருபதில் பத்து வந்தது. மகன் கட்டை அவிழ்த்தான்.

"பத்துன்னா காசு சுண்டிப் பார்க்கறதும் இதுவும் ஒண்ணு. இனி உன் கை ஊமைம்மா."

அவளுக்கு அதில் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

பரீட்சை அன்று காலை விடுதி வாசலிலேயே வக்கீலிடம் சொல்லிவிட்டாள். அறைக்குள் போய்த் தெரிந்துகொள்வது நியாயமல்ல என்று நினைத்தாள்.

"இன்னைக்கு என் பேனா ஒண்ணும் சொல்லாது. நம்பி உக்காராத."

வக்கீல் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "ஏன்க்கா இப்படிப் பண்றீங்க? இந்தத் தாள்லயா? எங்கள அம்போன்னு விட்டுட்டீங்களே!"

"விடல. கூடத்தானே வரேன்."

"கண்ணு தெரியறவங்க எழுதினதைத் திரும்பிப் பார்க்கறாங்க. தப்புன்னா அடிக்கறாங்க. எங்களுக்கு அது உண்டா? உங்க பேனாதான் எங்களுக்குத் திரும்பிப் பார்க்கறது. இதுல என்ன அநியாயம்?"

நல்ல வாதம்தான். பேனாக்கா அதற்குப் பதில் தேட நாலு கடை தூரம் நடந்தாள்.

"எத்தனை தடவ கேட்டாலும் படிச்சுக் காட்டறேன். அது உன் உரிமை. கேக்க வெக்கப்படாத. ஆனா எது தப்புன்னு நீதான் சொல்லணும். நாளைக்குக் கோர்ட்டுல நீ தப்பாப் பேசினா பின்னால உக்காந்து நான் பேனாவ நிறுத்தவா முடியும்?"

"கோர்ட்டுக்குப் போகவே இந்தப் பரீட்சை தேறணும்க்கா."

"தெரியும்."

இருவரும் பரீட்சை வாசலுக்குள் நுழைந்தார்கள்.

அறை அதே அறை. பேனாக்கா முதல் கேள்வியை இரண்டு முறை படித்தாள். வக்கீல் சொன்னாள். மூன்று எண்ணினாள். எழுதினாள். வக்கீல் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரே அளவு, ஒரே சத்தம். அவள் மேல் உதட்டில் வியர்வை துளிர்த்தது. அரை மணிக்குப் பிறகு தலை சாய்வது நின்றது.

"மூணாவது பத்தியைப் படிச்சுக் காட்டுங்க."

படித்துக் காட்டினாள்.

"விலை கூடினா வாங்கறவங்க கூடுவாங்கன்னா சொல்லியிருக்கேன்? அடிங்க அதை. குறைவாங்கன்னு போடுங்க."

மூன்று எண்ணி அடித்தாள்.

இன்னொரு தப்பு இருந்தது. ஒன்பதாவது கேள்வி, பணவீக்கம். காரணத்தையும் விளைவையும் வக்கீல் தலைகீழாகச் சொன்னாள். ஒன்று. இரண்டு. மூன்று. எழுதினாள். அந்தப் பெண் படித்துக் காட்டச் சொல்லவில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள். எட்டு மதிப்பெண். சொன்ன சொல் பிசகாமல், நல்ல கையெழுத்தில், தப்பு தப்பாகவே உட்கார்ந்திருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் முழுதாக எழுதிய முதல் தப்பு அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

வெளியே வந்ததும் வக்கீல் கேட்டாள். "எத்தனை தப்புக்கா?"

"எழுதியாச்சு."

"இப்பக்கூடவா!"

முடிவு வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் பேனாக்கா பரிசோதனை நிலையத்தில் குழாய்களோடு மட்டும் பேசினாள். முடிவு வந்த அன்று வார்டன் கூப்பிடவில்லை. வக்கீலே கூப்பிட்டாள்.

"வரலாறு எழுபத்தெட்டு. பொருளியல் ஐம்பத்தி நாலு."

தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். பேனாக்கா ஜன்னலைச் சாத்திவிட்டு அழுதாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் யாருக்கோ ரிப்போர்ட் மோசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அந்த எழுபத்தெட்டுல கொஞ்சம் உங்களோடதுக்கா" என்றாள் வக்கீல். "ஐம்பத்தி நாலு முழுக்க என்னோடது. அண்ணன்கிட்ட அதைத்தான் முதல்ல சொன்னேன்."

அன்று சாயங்காலமே பேனாக்கா மகனிடம் தனித்தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வரச் சொன்னாள்.

"இத்தனை வருஷம் கெஞ்சினேன், கேக்கல. இப்ப என்னம்மா?"

"பாடம் தெரியாத ஆளைத்தான் விதி கேக்குது. எனக்குத் தெரியும். பத்தாவதுன்னு சீட்டைக் காட்டி உள்ள போறேனே, அது சரியில்ல. தெரியும்னு ஒரு காகிதத்துல இருந்துட்டுப் போகட்டும்."

நாற்பத்தொன்பதாம் வயதில், தன் மகனைவிடச் சின்னப் பிள்ளைகள் நிறைந்த பெரிய கூடத்தில் உட்கார்ந்தாள். வினாத்தாள் வந்தது. எல்லாம் தெரிந்த கேள்விகள். பேனாவைத் திறந்தாள். பத்து நிமிடம் தாள் வெள்ளையாகவே இருந்தது. காரணம் அவளுக்கே பிறகுதான் புரிந்தது: யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். கடைசியில் விடையை மெல்ல வாய்விட்டுச் சொன்னாள். உடனே கை ஓடியது. நாலாவது வாக்கியத்தில் கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பேசக் கூடாதும்மா."

"நான் யார்கிட்டயும் பேசலைங்க. எனக்கே சொல்லிக்கறேன்."

"உங்களுக்கும் சொல்லக் கூடாது. எல்லாப் பசங்களும் நீங்க சொல்றதைக் கேட்டு எழுதறாங்க."

அன்று முழுக்க உதட்டை மட்டும் அசைத்து எழுதினாள். ஆறு தாளிலும் தேறினாள். பொருளியலில் தொண்ணூற்றொன்று. கணவர் அந்த வாரம் தன் பஸ்ஸில் ஏறிய எல்லாருக்கும் அதைச் சொன்னார். இறங்கியவர்களுக்கும் சொன்னார்.

மறுவருடம் பரீட்சைக் காலம் வந்ததும் வார்டனிடமிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா, இந்த வருஷம் பன்னெண்டாவதுக்கு மூணு பிள்ளைங்க."

"நான் பாஸாயிட்டேனே சார்."

"அடப் பாவமே" என்றார் வார்டன்.

ஒருத்தர் தேறியதற்கு யாராவது துக்கம் விசாரித்தது அதுவரை நடந்திருக்காது. விடுதியில் அன்று இரண்டு பிள்ளைகள் உண்மையாகவே அழுதார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். அவர்கள் எதற்காக அழுதார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த முள் அவளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. தன் நிறுத்தம்தான் வேண்டியிருந்தது, தான் வேண்டியிருக்கவில்லை என்ற நினைப்பு. வாய்விட்டு அவள் சொன்னதில்லை. பரீட்சை மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியாமல் அலமாரியை அடுக்குவாள், கலைப்பாள், மறுபடி அடுக்குவாள்.

சட்டக் கல்லூரியின் முதல் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் வக்கீல் கம்பைத் தட்டிக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, பட்டப் படிப்புக்கு எழுத பன்னெண்டாவது இருந்தா போதும். விதியைப் படிக்க வச்சுக் கேட்டுட்டேன்."

"என் பேனா இப்ப ஊமை. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் நான் எதுக்கு? காலேஜ்லயே ஆள் குடுப்பாங்களே."

"குடுத்தாங்க. போன மாசம் மாதிரித் தேர்வுக்கு ஒருத்தங்க வந்தாங்க. ரொம்ப நல்லவங்க. நான் சொல்லச் சொல்ல என் வாக்கியத்தை அழகாக்கி எழுதிட்டாங்க. படிச்சுக் காட்டினப்போ யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. எனக்கு அது ஆகாதுக்கா. நான் சொன்னது இருக்கணும். தப்புன்னா தப்பு. அப்படி எழுத இந்த ஊர்ல ஒரே ஒரு கைதான் இருக்கு."

வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "ஏம்மா, ரத்தம் எடுப்பீங்களா மாட்டீங்களா?" என்றார்.

"இருங்க ஐயா" என்றாள் பேனாக்கா. பேனாவைத் திறந்தாள். "பேர் சொல்லுங்க."

ஐந்து வருடம் வக்கீலுக்கு எழுதினாள். ஒப்பந்தச் சட்டம், சொத்துச் சட்டம், சாட்சியச் சட்டம். இரண்டு தாளில் வக்கீல் தோற்று மறுபடி எழுதினாள்; தோற்றதையும் பேனாக்காதான் எழுதினாள். வீட்டுக்கு வந்து சட்டம் பேசிக் கணவரை மடக்குவாள். அவர், "ஒரு வக்கீல் போதாதுன்னு இன்னொண்ணா" என்பார்.

அவள் உயிர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. பரிசோதனை நிலையத்தில், ஜன்னலுக்குப் பின்னால். ஒரு குழந்தையின் குழாயில் சீட்டு ஒட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். இதயம் என்றார்கள். சீட்டில் பெயர், வயது, தேதி, எண் நான்கும் சரியாக இருந்தன. மகன் அந்தக் குழாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். பார்த்தான். பரிசோதனைக்கு நேரமாகிறது என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வக்கீலின் கடைசித் தாள் அதற்கு நாலு நாள் கழித்து இருந்தது. தள்ளி வைக்க முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வேறு ஆள் கொடுத்தார்கள். பரீட்சை முடிந்ததும் அவள் நேராக வீட்டுக்கு வந்தாள். மகன் கதவைத் திறந்தான். கணவர் உள்ளே படுத்திருந்தார். அந்த நாலு நாளாக அவருக்குப் பேச்சே இல்லை.

"எப்படி எழுதினீங்க?" என்று மகன் கேட்டான். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"நல்லாத்தான் போச்சு அண்ணா." நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். "வந்தவரும் நல்ல மனுஷர். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்னு சொல்லிட்டேன். சரியானது தொண்ணூறு நாள். படிச்சுக் காட்டச் சொன்னப்போ தொண்ணூறுன்னு படிக்கறார். நீங்க தடுமாறிட்டீங்கம்மா, நானே சரி பண்ணிட்டேன்னு சொல்றார். எனக்கு நல்லது பண்ணிட்டதா நெனச்சுக்கிட்டார்."

"அப்புறம்?"

"முப்பதுன்னே போடுங்கன்னேன். தப்புங்களேன்னார். தெரியும், போடுங்கன்னேன்." அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "அஞ்சு மார்க் போச்சு அண்ணா."

உள்ளேயிருந்து அவன் அப்பா எழுந்து வந்தார். அவள் எதிரே உட்கார்ந்தார். "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார். "அவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்ன?"

அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.